தனிக்குடித்தனமும் கிறுகிறு ரோஜாவும்

விருதுநகர் மாவட்டத்தில் இதுவரை எத்தனையோ குடும்பங்கள் பாகம் பிரிந்திருக்கின்றன. அத்தனை பேரும் சேர்ந்து பிரித்ததைவிட அதிகமான குடும்பங்களை ஒரே ஆளாக, அதுவும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி பிரித்துத் தள்ளியவர் ஒருவர் உண்டு. எங்கள் ஆபீஸ் தனிக்குடித்தனம்தான் அவர். பிரித்ததெல்லாம் பட்டாசுக் குடும்பங்கள் என்பதால் யாரும் போலீசுக்குப் போகவில்லை.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்துவிடாதீர்கள். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடி. கீழே காலண்டர் அடிக்கும் மெஷின் ஓடினால் மேலே எங்கள் டீ கிளாஸ் தானாக நகரும். அங்கே உட்கார்ந்து கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்தோம். திரையில் என்ன தெரிய வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. திரைக்குப் பின்னால் விவரங்களை எங்கே, எப்படி அடுக்கிவைப்பது என்று பார்ப்பது தனிக்குடித்தனத்தின் வேலை. எங்கள் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விடுவது முதலாளியின் வேலை.

அந்த அடுக்கிவைக்கும் இடத்துக்கு டேபிள் என்று பெயர். சாப்பாட்டு மேஜை இல்லை. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பட்டியல். கட்டம் எல்லாம் நிறைந்திருந்தால் தனிக்குடித்தனத்துக்கு முகம் மலரும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் செருப்புக்குள் கல் விழுந்த மாதிரி நெளிவார். அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் காலிக் கட்டத்தால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவர் பாடம் எடுத்தார். நான் கேட்கவே இல்லை, அது வேறு விஷயம்.

"அக்கா, இந்தா பாருங்க. சரவெடி, புஸ்வாணம், கம்பி மத்தாப்பு. மூணும் பட்டாசுதானே? மூணுக்கும் பேரு உண்டு, விலை உண்டு. ஆனா சரவெடிக்கு எத்தனை வெடிங்கிற கணக்கு உண்டு, மத்தாப்புக்கு அது கிடையாது. மத்தாப்புக்கு நீளம் உண்டு, புஸ்வாணத்துக்கு அது கிடையாது. இப்ப அம்புட்டையும் ஒரே டேபிள்ல போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"கூட்டுக்குடும்பம் ஆகும்! ஒருத்தருக்கு வேண்டிய சாமான் இன்னொருத்தரு ரூம்ல சும்மா கெடக்கும். வீடு பூராக் காலிக் கட்டம்."

"அப்போ மூணுக்கும் மூணு டேபிள் போட்டுறலாமே?"

"அது அடியோட வெட்டிக்கிட்டுப் போறது. நாளைக்கு மொத்தம் எத்தனை பட்டாசுன்னு கேட்டா ஒவ்வொரு வீட்டுக் கதவாத் தட்டணும்." குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியம் மாதிரிச் சொன்னார். "ஒரு தாய் டேபிள் போடணும்க்கா. பேரு, விலை மாதிரிப் பொதுவானது பூரா தாய்கிட்ட. சரவெடிக்கு ஒரு பிள்ளை டேபிள், மத்தாப்புக்கு ஒரு பிள்ளை டேபிள். அவுகவுகளுக்குன்னு உள்ளது மட்டும் அவுகவுக வீட்டுல. தனிக்குடித்தனம், ஆனா தாயோட தொடர்பு விட்டுப் போகாது."

எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கடைசியில் "தனிக்குடித்தனம் வச்சிரலாம்" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆபீஸோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. டீ கொண்டுவருகிற டீக்கடைக்காரரிடம் ஒரு நாள், "அண்ணே, சர்க்கரைங்கிறது டீயோட குணமா, குடிக்கிறவரோட குணமா?" என்று கேட்டார். அவர் ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்துவிட்டு, "குணமெல்லாம் தெரியாது தம்பி, காலி கிளாஸைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு நாள் விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போனோம். கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பரோட்டா என்பதுதான் தாய், எண்ணெய்ப் பரோட்டாவும் கொத்துப் பரோட்டாவும் பிள்ளைகள், சால்னா யாருக்கும் பிள்ளை இல்லை என்று மாஸ்டருக்கு விளக்க ஆரம்பித்தார். மாஸ்டர் மாவைத் தட்டியபடியே, "கல்லு காயுது தம்பி. எந்தப் பிள்ளை வேணும்னு சொல்லிட்டு அங்கன போயி உக்காருங்க" என்றார்.

இப்படி ஊரில் உள்ளதை எல்லாம் பிரித்துவைத்தவரின் சொந்தக் கதைதான் வேடிக்கை. அவருக்கு இரண்டு அம்மா. பெற்றவர் விருதுநகரில் இருந்தார். பிள்ளை இல்லாத பெரியம்மா சிவகாசியில் இருந்தார். சின்ன வயதிலேயே தூக்கி வந்து வளர்த்தவர் அவர்தான். படித்து முடித்ததும் பெற்றவர், "எம் பிள்ளைய எனக்குத் தாங்க" என்று கேட்க, பெரியம்மா, "யாரு பிள்ளைய யாரு கேக்குறது?" என்று திருப்பிக் கேட்க, இரண்டு வீட்டிலும் இவர் பெயர் அழியாமல் நின்றுவிட்டது. வாரநாளில் பெரியம்மா வீடு, ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடு. சாப்பாடு மட்டும் எந்த நாளிலும் இரண்டு இடத்திலிருந்தும் வரும். பெரியம்மா வீட்டுத் தூக்குச் சட்டி அவர் கையோடு வரும். அம்மா வீட்டுத் தூக்குச் சட்டி விருதுநகர் பஸ்ஸில் கண்டக்டர் பொறுப்பில் வந்து சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்.

இரண்டையும் காலி செய்துதான் திருப்பி அனுப்புவார். ஒன்றில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மறுநாள் அந்த வீட்டில் அழுகை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தால் எங்களுக்கே வயிறு வலிக்கும். "ஒரு சட்டிய நாங்க பாத்துக்கிறோமே?" என்று நாங்கள் கேட்டால், "அது துரோகம்க்கா" என்பார்.

இப்போது அண்ணாச்சிக்கு வருகிறேன். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். ஊர் ஊராக இருக்கும் பட்டாசுக் கடைக்காரர்கள் அவரிடம் சீசனுக்குச் சரக்குக் கேட்பதெல்லாம் போனில்தான் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் தங்கள் ஆர்டரைத் தாங்களே குறித்துவைக்க ஒரு வெப்சைட் வேண்டும் என்று எங்களிடம் வந்தார். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டுப் புது விலைப்பட்டியலை வெளியிடுவது இங்கே வழக்கம். அன்றைக்கே வெப்சைட்டும் ஓட வேண்டும் என்பது பேச்சு.

எங்களுக்கு அப்போது வேறு வேலை எதுவுமே இல்லை. முதலாளி எங்களை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னார். "இது நல்லபடியா ஓடிச்சுன்னா அண்ணாச்சியைப் பாத்து இன்னும் நாலு கம்பெனிக்காரக வருவாக. ஓடலைன்னா மாடிய ஒப்படைச்சிட்டுக் கோயம்புத்தூர்ல என் கூட்டாளி ஆபீஸ்ல போயிச் சேர்ந்துருவேன். உங்களையும் கூட்டிக்கிடுறேன்."

மற்றவர்களுக்கு அது ஊர் மாற்றம். எனக்கு வேலைக்கு முழுக்கு. என் மாமியார் ஆரம்பத்திலேயே சட்டம் போட்டிருந்தார்: "சிவகாசிக்குள்ள எந்த வேலைன்னாலும் பாரு. ஊரு தாண்டுற சோலி வேண்டாம்." என் கணவர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுபவர், அவரும் இந்த ஊரைவிட்டு வர முடியாது. கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே பிடித்த வேலை கிடைத்தவள் நான். அது என் கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று போகாத கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டேன்.

சீக்கிரம் முடியட்டும் என்று முதலாளி முதலில் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டுத்தான் அண்ணாச்சிக்குக் காட்டினார். தனிக்குடித்தனம் எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை. காலிக் கட்டம் அசிங்கமாகத் தெரிகிறதே என்று முதலாளியே எல்லாக் காலிக் கட்டத்திலும் பூஜ்யம் நிரப்பிவைத்திருந்தார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை வாசித்தார்.

"கம்பி மத்தாப்பு. வெடி எண்ணிக்கை, சைபர். சரி. சரவெடி. நீளம், சைபர்." கண்ணாடியைக் கழற்றினார். "நீளமே இல்லாத சரத்தை எங்கனய்யா பத்த வைக்கிறது? ராக்கெட்டு, பறக்கும் உயரம், சைபரா? ஏம்ப்பா, எங்க கம்பெனிய இழுத்து மூடணும்னு எதிர்க் கம்பெனிக்காரன் யாரும் உங்ககிட்டச் சொல்லிவிட்டானா?"

அன்றைக்கே முதலாளி தனிக்குடித்தனத்தின் தோளில் கை போட்டு, "ஏலே, நீ சொன்ன மாதிரியே பிரிச்சு வையி" என்றார். அதன் பிறகு எங்கள் தனிக்குடித்தனத்தைப் பார்க்க வேண்டுமே! சரவெடிக்கு வீடு, சக்கரத்துக்கு வீடு, புஸ்வாணத்துக்கு வீடு, எல்லாவற்றுக்கும் மேலே பட்டாசு என்ற தாய். ஒரு சட்டமும் போட்டார்: ஒரு பிள்ளைக்கு ஒரே வீடு. எந்தப் பட்டாசும் இரண்டு வீட்டில் பெயர் கொடுக்க முடியாது. அண்ணாச்சியும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் பட்டாசு மாதிரி இருக்கு" என்றார். கோயிலுக்கு நேர்ந்ததை நான் கொடுக்கத் தயாராகிவிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன். புது வெரைட்டி ஒன்று தயாராகிவிட்டது. இந்த சீசனுக்கு அதுதான் ராஜா. பட்டியலில் முதலில் அது வர வேண்டும். பெயர் கிறுகிறு ரோஜா. தரையில் சக்கரமாகச் சுற்றும், புஸ்வாணமாகப் பூக்கும்.

தனிக்குடித்தனத்தின் முகம் போன போக்கைப் பார்த்துக் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சக்கரமா, புஸ்வாணமா?" என்றார்.

"ரெண்டும்தான்னு சொல்றாரே."

"ரெண்டு வீட்டுல பேரு குடுத்தா ஆளு ரெண்டாயிரும்க்கா. ஒன்னைத்தான் சொல்லணும்."

முதலாளி கெஞ்சினார். "ஏலே, ரெண்டுலயும் போட்டுத் தொலையேன்." இவர் அசையவில்லை. சக்கரம் என்றால் எத்தனை நேரம் சுற்றும் என்று எழுத வேண்டும், புஸ்வாணம் என்றால் எத்தனை அடி பூக்கும் என்று எழுத வேண்டும், ஒன்றை விட்டால் கடைக்காரர்களுக்குப் பாதி விவரம்தான் போகும். இரண்டையும் எழுதினால் இவர் சட்டம் போகும். கடைசியில், "நானே கண்ணால பாக்கணும்" என்று வண்டியை எடுத்தார். எப்படியும் வெப்சைட்டுக்கு அதைப் படம் எடுக்க வேண்டும் என்பதால் நானும் என் ஸ்கூட்டியில் பின்னால் போனேன்.

புது வெரைட்டியை வெளியே விடுவதற்கு முன்னால் கொளுத்திப் பார்ப்பார்கள். கம்பெனிக்கு வெகுதூரம் தள்ளி வெட்டவெளியில், வெயில் இறங்கியதும் அது நடக்கும். போர்மேன் நீளக் கம்பு நுனியில் ஊதுபத்தியைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றார். திரியில் வைத்தார். அது கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே சிவப்பாகவும் பச்சையாகவும் பூத்தது. நான் படம் எடுக்க மறந்துவிட்டேன், அவ்வளவு அழகு. தனிக்குடித்தனம் மட்டும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, போஸ்ட்மார்ட்டம் டாக்டர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மொதல்ல சுத்துச்சா, மொதல்ல பூத்துச்சா?"

"ரெண்டும் சேந்துதான் தம்பி."

"சரியாத் தெரியலையே. இன்னொன்னு வைங்க."

இன்னொன்று வைத்தார். பிறகு இன்னொன்று. காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் நின்று ஒன்று. எனக்கு நல்ல படம் கிடைத்தது, அவருக்கு விடை கிடைக்கவில்லை. கடைசியில் போர்மேன் ஊதுபத்தியை மண்ணில் செருகி அணைத்துவிட்டார்.

"மருந்தே அப்படித்தான் தம்பி வச்சிருக்கு. சுத்தலைன்னா பூக்காது, பூக்கலைன்னா சுத்தாது. நீங்க இன்னொன்னு கேட்டீகன்னா கடைக்காரங்களுக்குக் குடுக்கச் சரக்கு இருக்காது."

திரும்பி வருகிறபோது சந்திப்பில் வண்டியை நிறுத்தி, "அக்கா, அது ரெண்டாவும்தான் இருக்கு. ஆனா ஒன்னாத்தான் இருக்கு" என்றார். அழப்போகிறவர் குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. விடிந்தால் பூஜை.

நாங்கள் வெட்டவெளியில் கிறுகிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் முதலாளி பொறுமை இழந்திருந்தார். அவருக்கும் ஒரு காலத்தில் இந்த வேலை தெரியும். பட்டியலைத் திறந்து, சக்கரத்துக்குக் கீழே ஒரு கிறுகிறு ரோஜா, புஸ்வாணத்துக்குக் கீழே ஒரு கிறுகிறு ரோஜா என்று இரண்டு தனித்தனிப் பட்டாசாகவே எழுதிவிட்டார். குடோன் இருப்பையும் இரண்டுக்கும் முழுசாகப் போட்டுவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது, "நான் பாத்துக்கிட்டேன், வீட்டுக்குப் போங்க" என்றாரே தவிர, என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அண்ணாச்சி ஆபீஸில் பூஜை. சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டு எல்லோரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். தனிக்குடித்தனம் பஸ் ஸ்டாண்ட் போய்விட்டு நேராக அங்கே வந்து சேர்ந்தார். ஆடிப் பதினெட்டு என்பதால் இரண்டு தூக்குச் சட்டியிலும் கலந்த சோறு, மூடியைத் தாண்டி மணந்தது. அண்ணாச்சி ஆசையாகக் கிறுகிறு ரோஜாவைத் தேடினார். இரண்டு வந்தது. இருப்பைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். குடோனில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு காட்டியது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"தம்பி, இல்லாத சரக்குக்கு நான் ஆர்டர் எடுத்தேன்னா, தீபாவளி நெருக்கத்துல கடைக்காரக எல்லாம் எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாக. எங்கப்பா காலத்துலருந்து அப்படி ஒருத்தரு வந்து நின்னதில்லை. இந்த வெப்சைட்டு எனக்கு வேண்டாம். நான் போன்லயே பாத்துக்கிடுறேன்."

 கோயம்புத்தூர் பஸ்ஸில் முதலாளியும் மற்றவர்களும் ஏறிப்போவதையும், நான் வீட்டில் வெங்காயம் உரிப்பதையும் கண்ணால் பார்த்துவிட்டேன்.

எழுந்த அண்ணாச்சியின் காலில் தூக்குச் சட்டி தட்டியது.

"இது யாருக்குப்பா ரெண்டு சட்டி?"

"எனக்குத்தான் அண்ணாச்சி" என்றார் தனிக்குடித்தனம், ஈனசுரத்தில். "ஒன்னு அம்மா வீட்டுது, ஒன்னு பெரியம்மா வீட்டுது."

"சட்டி ரெண்டு சரி. வயிறு ஒன்னுதானய்யா?"

அவர் எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் தனிக்குடித்தனம் அப்படியே நின்றுவிட்டார். தூக்குச் சட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் இருந்த முதலாளியைப் பிடித்து, ஆமாம், கையைப் பிடித்து, நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, உக்காருங்க. சாப்பிடுங்க. அதுக்குள்ள முடிச்சிருதேன்."

அன்றைக்குத்தான் அந்தத் தூக்குச் சட்டிகளை அவர் முதல்முறையாக அந்நியர் கையில் கொடுத்தார். அண்ணாச்சிக்கு வந்த கோபத்தில் திறந்திருக்கவே மாட்டார்; ஆனால் பெரியம்மாவின் புளியோதரை வாசம் கோபத்தைவிடப் பலமாக இருந்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை முதலாளியைக் கூப்பிட்டார். நான் கூப்பிடாமலே போய்விட்டேன். அம்மா வீட்டு எலுமிச்சைச் சோறும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கே திரையில் தனிக்குடித்தனம் தன் சட்டத்தைத் தானே கிழித்துக்கொண்டிருந்தார். தாய் டேபிளில் கிறுகிறு ரோஜாவுக்கு ஒரே ஒரு வரி. பெயர் அங்கே, விலை அங்கே, குடோன் இருப்பு அங்கே. கடைக்காரர் எழுதும் ஆர்டரும் அந்த ஒரு வரியோடு மட்டும்தான் பேசும். அதே ஆளுக்குச் சக்கர வீட்டில் சுற்றும் நேரம், புஸ்வாண வீட்டில் பூக்கும் உயரம். இரண்டு வீட்டிலும் பெயர் உண்டு. எண்ணும்போது மட்டும் ஒன்று.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தேடினார். ஒன்று வந்தது. சக்கரப் பட்டியலில் பார்த்தார், அதே ஆள். புஸ்வாணப் பட்டியலில் பார்த்தார், அதே ஆள். ஒரு கடைக்காரருக்கு போன் போட்டு ஆர்டர் எழுதச் சொன்னார். இருப்பு சரியாகக் குறைந்தது.

"ம்" என்றார் அண்ணாச்சி. அந்த ஒரு எழுத்தில் என் வேலை எனக்குத் திரும்பி வந்தது. "புளியோதரை யாரு கை? பெரியம்மாவா? கேட்டேன்னு சொல்லு."

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது தனிக்குடித்தனம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஆளு ஒன்னுதான்க்கா. ரெண்டு வீட்டுலயும் இதை ஒத்துக்கிட மாட்டாக. ஆனா ஒன்னுதான்." சொல்லிவிட்டு இரண்டு காலிச் சட்டிகளையும் ஆட்டிப் பார்த்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றைக்கு ஊரே சாப்பிட்டது, அவர் ஒருவர்தான் பட்டினி.

எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாமியாருக்கு என் ஆபீஸ் ஆட்கள் என்றால் அவ்வளவாக ஆகாது. ஆனால் கதையைக் கேட்டவர், "ரெண்டு வீட்டுச் சோறு இருந்தும் வயிறு காஞ்சு வந்திருக்கே இந்தப் பிள்ளை" என்று இலையைப் போட்டு, தேங்காய்ச் சோறும் அப்பளமும் வைத்து, அவர் போதும் போதும் என்றாலும் விடவில்லை. அதன் பிறகு என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை. "அந்த ரெண்டு சட்டிக்காரப் பிள்ளை நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

ஆபீஸ் அதே மாடியில்தான் இருக்கிறது. கீழே இன்னும் காலண்டர் அடிக்கிறார்கள், மேலே டீ கிளாஸ் நகர்கிறது. தனிக்குடித்தனம்தான் இல்லை. பெங்களூரில் பெரிய கம்பெனியில் சேர்ந்து, அங்கே என்னென்னவோ குடும்பங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.  அவர் போன அன்று நான் ஒரு மூலையில் போய் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தீபாவளிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். காலையில் விருதுநகரில் அம்மா கையால் இட்லியும் கறிக்குழம்பும். அதை முடித்துக்கொண்டு சிவகாசியில் பெரியம்மா வீட்டில் மறுபடி முதலிலிருந்து. பிறகு மூச்சு வாங்கியபடியே எங்கள் வீட்டுக்கு. இந்த வருஷமும் மாமியார் இலையைக் கழுவிப் போட்டுவைத்துவிட்டு அடுப்படியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தது நான்தான்.